சுவர் எடுத்த கட்டடம்

பர்மாவில், பபேடான் வட்டாரத்தின் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. எந்தத் தளம் எப்போது எழுந்தது, எந்தச் சுவர் பின்னால் மாறியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் மழை தொடங்கும் முன் எனக்கு வந்தது, கீழ்த்தளத்தில் துணிக்கடை இருந்த நான்கு தளக் கட்டடம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் அரிசி வியாபாரி இரண்டு தளமாகக் கட்டியது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரங்கள். மேலே இரண்டு தளங்களைப் பிற்பாடு சிமெண்டில் ஏற்றியிருந்தார்கள். ஜன்னல் வளைவுகள்கூடக் கீழே உள்ளவற்றோடு சேரவில்லை. பழைய வரைபடத்தில் கீழ்த்தளத்தின் நடுவே, மேல்தளங்களைத் தாங்கும் தடித்த சுவர் ஒன்று இருந்தது. நேரில் போனால் அந்த இடத்தில் சேலை அலமாரி. கடையை அகலமாக்கச் சுவரை எடுத்துவிட்டார்கள். நம்ப முடியாமல் அளவு நாடாவை இரண்டாம் முறையும் பிடித்துப் பார்த்தேன்.

மூன்றாம் தளத்தில் ஒரு தையல்காரி குடியிருந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மியர். வாதத்தில் கால் விழுந்த கணவரோடு ஒரே அறையில் வாழ்க்கை.

"போன வருஷம் இந்தக் கதவு லேசா சாத்தும் தங்கச்சி. இப்ப தோளால இடிக்கணும்" என்றார்.

மரம் ஈரத்தில் உப்பவில்லை. நிலையே சாய்ந்திருந்தது. அதற்கு மேல் என் சுண்டுவிரல் நுழையும் விரிசல். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் அது உடையும்.

நான்காம் நாள் காலை அவரே போன் செய்தார். "டிக்குனு ஒரு சத்தம். தையல் ஊசிதான் ஒடிஞ்சுதுன்னு நெனச்சேன். பாத்தா நீ ஒட்டுன கண்ணாடி."

கடைக்காரரிடம் ஓடினேன். "பூகம்பத்துக்கே நின்ன கட்டடம்மா இது" என்று சிரித்துக்கொண்டே துணியை மடித்தார். அலுவலகத்தில் மேலதிகாரி, அறிக்கையில் எழுதிவிட்டால் நம் கடமை முடிந்தது என்றார்.

மறுபடி மேலே ஏறினேன். தையல்கார அக்கா விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? நீ சொல்லு, நீ இங்க படுத்துத் தூங்குவியா?"

"மாட்டேன் அக்கா."

அவர் வெட்டி வைத்திருந்த துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார். அன்று மதியமே சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகள் இருவர் அவர் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். படிகளில் காரை உதிர்ந்து அவர் தலைமுடி வெளுத்தது. இரண்டாம் தளத்துக் குடும்பமும் கிளம்பிவிட்டது. நான்காம் தளத்தில் தனியாக இருந்த முதியவர் மட்டும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தோடு இறங்கி வந்தேன். இன்னொரு தடவை தட்டவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. விடாமல் பெய்த மூன்றாம் நாளில், பட்டப்பகலில், கட்டடத்தின் பின்பாதி உள்வாங்கி இறங்கியது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்ததால் தப்பினார். முதியவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

இரண்டு மாதம் என் வீட்டில் இருந்துவிட்டு, அக்காவும் கணவரும் ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் தகரக் கூரை வீடு ஒன்றுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அதே தெருவில் இன்னும் ஆறு கட்டடங்கள் பாக்கி. இரண்டில் கடைக்காரர்கள் என்னை உள்ளே விட மறுக்கிறார்கள். அவற்றின் மேல்தளங்களில் துணி காய்கிறது.