மோய்ராவின் ஆறிப்போன தேத்தண்ணி

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கையில் மைக்கைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கத் தெரியாத மடையன் நான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. என் மனைவி வதனிக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். இருந்தும், இரண்டு வாரங்களுக்கு முன் சுவிஸின் வில் நகரத்தில் நடந்த எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் என்னை நம்பி ஒரு மைக்கைத் தந்தார்கள். தந்தவர் செயலாளர் குகன்.

"அண்ணை, ரெண்டு நிமிசம். அவவின்ர பேர், ஊர், நடிகை எண்டு சொன்னால் காணும். ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிப்போடுவாங்கள்."

"ரெண்டு நிமிசம் எனக்கு எதுக்கு? ஒண்டே காணும்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

'அவ' என்பது மோய்ரா. வயது எழுபத்தேழு. ஸ்கொட்லாந்துக்காரர். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி. நாங்கள் மூன்றாம் மாடி. அறிமுகமானது நிலவறையில், எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில். அங்கே சுவரில் அட்டவணை உண்டு, ஆளுக்கொரு நாள். இந்த நாட்டில் எதற்கும் மன்னிப்புக் கிடைக்கலாம் – அடுத்தவர் நாளில் மெஷினைத் தொட்டால் கிடைக்காது. நான் தொட்டேன். மோய்ராவின் வியாழக்கிழமையில்.

உள்ளே வந்தார். மெஷினுக்குள் இருந்த என் ஈரச் சாரத்தை, அதுதான் லுங்கியை, இரண்டு விரலால் தூக்கினார். ராணியின் கவுன்போல இடுப்பில் பிடித்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு குனிந்து வணங்கி என்னிடம் கொடுத்தார். சண்டைக்குத் தயாராக நின்ற நான் கைதட்டினேன். நண்பர்களானோம்.

பேசுவது சுவிஸ் ஜெர்மனில்தான். அவருடையதில் ஸ்கொட்லாந்து வாசம், என்னுடையதில் யாழ்ப்பாண வாசம். பக்கத்தில் ஒரு சுவிஸ்காரர் நின்றால் அவருக்கு மட்டும்தான் விளங்காது. ஆகவே மோய்ரா சொன்னதை நம்முடைய தமிழிலேயே தருகிறேன்.

மீன் வியாபாரியின் மகள். பதினேழு வயதில், பாட்டும் பகிடியும் கலந்த மேடை நாடகங்களில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடப் போனார். நாலு வருடம் கடைசி வரிசை. ஒருநாள் வேலைக்காரி வேடம் போடும் பெண்ணுக்குக் குரல் அடைத்துவிட, இவரை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். பயத்தில் முதல் வரியே மறந்துபோனது. தேநீர்த் தட்டோடு பேசாமல் நின்றார். முதலாளி வேடம் போட்டவர் நிலைமையைச் சமாளிக்கப் பேசிக்கொண்டே போனார். இவர் தேநீரைப் பார்த்தார்... முதலாளியைப் பார்த்தார்... ஆறுகிறதே என்று தேநீரைத் தானே குடித்தார்.

தியேட்டர் அதிர்ந்தது.

பிறகு முப்பது வருடம் வேலைக்காரி, சித்தி, விதவை, பக்கத்து வீட்டுக்காரி. கதாநாயகி வேடம் ஒருநாளும் கிடைக்கவில்லை. "நாயகி அழுவா, பாடுவா, கலியாணம் கட்டுவா. சனம் என்னை நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு வீட்டை போகும்," என்பார். இசைக்குழுவில் ட்ரம்பெட் ஊதிய வில் நகரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, இங்கும் மேடை ஏறினார். கணவர் இப்போது இல்லை. ஆறு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு உடைந்து, புது இடுப்பு வைத்தார்கள். அதோடு மேடையும் இல்லை.

எங்கள் விழாவில் ஒரு பாட்டுப் பாட முடியுமா என்று கேட்டேன்.

"என்ர இங்கிலிஷ் உங்கட சனத்துக்கு விளங்குமோ?"

"எனக்கே விளங்காது."

"அப்ப வாறன்."

மெஷினுக்குள் சவர்க்காரத் தூளைக் கொட்டிக்கொண்டே சொன்னார். "அந்த வேலைக்காரி ஏப்ரனும் தொப்பியும் ஒரு பெட்டிக்குள்ள கிடக்கு. உங்கட மண்டபம் சிரிச்சால் வைச்சிருப்பன். சிரிக்காட்டி, திங்கட்கிழமை பெட்டியோட ப்ரொக்கிக்கு."

ப்ரொக்கி என்றால் பழைய சாமான் கடை. மோய்ரா பகிடி இல்லாமல் சொல்லி நான் கேட்ட ஒரே வசனம் அதுதான்.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் மேடையில் என்ன செய்ய வேண்டும்? பெயரைச் சொல்லிவிட்டு ஓட வேண்டாமா?

விழா வழமைபோலப் பிந்தியது. நான் ஏறும்போது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. பேர், ஊர், நடிகை – பதினைந்து செக்கனில் முடித்துவிட்டேன். ஆனால் சபை அமைதியாக இருந்தது. அமைதியான சபையை விட்டு இறங்க எங்களில் யாருக்கு மனம் வரும்?

"மேலும்..." என்றேன்.

மீன் வியாபாரியில் தொடங்கினேன். குகன் கீழே நின்று தன் மணிக்கூட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். புதிதாக வாங்கியிருக்கிறார் போலும் என்று தலையாட்டிப் பாராட்டினேன்.

தேநீர்த் தட்டுக் கதைக்கு வந்தபோது முன்வரிசை சிரித்தது. "மேலும்" என்றேன், நடு வரிசையும் சேர்ந்துகொண்டது. இன்னொரு "மேலும்", பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். இத்தனை வருடம் இந்தப் பக்கத்தில் எழுதி வராத சிரிப்பு... எனக்குள் இப்படி ஒருவன் இருந்தானா? குகனே கடிகாரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். சமையல் பக்கத்து வாசலில் நின்று வதனி சிரித்தாள்.

அங்கேயாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் பகிடிக்கு வதனி சிரித்ததாகச் சரித்திரமே இல்லை.

குரலைத் தாழ்த்தி, சோகமான இடத்துக்கு வந்தேன். "ஆறு வருடத்துக்கு முன், இடுப்பு எலும்பு உடைந்து..."

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

எங்கள் சனம் கல்நெஞ்சக்காரர் அல்ல. திரும்பினேன்.

எனக்கு மூன்றடி பின்னால் மோய்ரா. கறுப்புக் கவுன், வெள்ளை ஏப்ரன், தொப்பி. கையில் தட்டு, தட்டில் ஒரு கோப்பை. பல்பு எரிகிறதா என்று பார்ப்பவர்போல மேலே பார்த்துக்கொண்டு, பரம சாதுவாக நின்றார்.

பிறகு வீடியோவில் பார்த்தேன். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் தேநீரை நீட்டியிருக்கிறார். 'மேலும்' என்று நான் தொடங்கினால், மேடையில் காலியாகக் கிடந்த பிரதம விருந்தினரின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்திருக்கிறார். தமிழ் தெரியாது, என் குரலே காட்டிக்கொடுத்திருக்கிறது. கோப்பைக்குள் விரலை விட்டு, ஆறிவிட்டதென்று சபைக்குக் காட்டி, கடைசியில் தானே குடித்திருக்கிறார். இடுப்பு எலும்பு என்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டி நான் உருகிய அதே நேரத்தில், நாற்காலியிலிருந்து எழும்பி இடுப்பை இடமும் வலமும் ஆட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

மேடையில் பேசுகிறவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

தட்டை என் கையில் தந்தார். என் மைக்கைப் பிடுங்கி அந்தத் தட்டிலேயே வைத்தார். மைக் இல்லாமல் பாடத் தொடங்கினார். எழுபத்தேழு வயதுக் குரல் கடைசி வரிசையின் சுவரில் போய் முட்டியது. ஒரு சொல்லும் எவருக்கும் விளங்கவில்லை. வீட்டு விருந்தாளிகளைக் கிண்டலடிக்கும் வேலைக்காரி என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. அவருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை எடுத்து என் தலையைத் தூசு தட்டினார். நான் அலுமாரியானேன். முடிவில் ஒற்றைக் காலைத் தூக்கி, அந்தப் புது இடுப்பில் ஒரு முழுச் சுற்று.

மண்டபம் எழும்பி நின்றது. ஆறு மணிக்கு விளக்கை அணைக்க வந்த மண்டபப் பொறுப்பாளர், சாவிக் கொத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார். ஆறு பத்துக்கும் விளக்கு எரிந்தது. சுவிஸில் ஆறு பத்துக்கு...

வீட்டுக்குப் போகும் வழியில் வதனியிடம் கேட்டேன். "அந்தத் தட்டை அவவுக்கு ஆர் குடுத்தது?"

"நான்தான். பாவம், உங்கட பேச்சு முடியுமெண்டு திரைக்குப் பின்னால பாத்துக்கொண்டு நிண்டா. 'இவர் தானா நிப்பாட்ட மாட்டார், நீங்கள் போங்கோ' எண்டு தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தனான்," என்றாள் வதனி.

திங்கட்கிழமை எங்கள் தோய்க்கும் முறை. உடுப்புக் கூடையோடு நிலவறைக்கு இறங்கினேன். மெஷின் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. கொடியில் வெள்ளை ஏப்ரன், பக்கத்தில் தொப்பி. மோய்ரா கிளிப் குத்திக்கொண்டிருந்தார். பிடிபட்டவரின் முகம் இல்லை; அடுத்த காட்சிக்கு அவசரப்படுகிறவரின் முகம்.

என் நாளில் தோய்த்ததை நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேறொன்று இருந்தது.

"மோய்ரா, உண்மையைச் சொல்லும். எனக்கும் கொஞ்சம் நடிப்பு வருதுதானே?"

"திரும்பிப் பாக்காத வரைக்கும்," என்றார்.