இருபது நடக்குது

அந்த வருஷத்துக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் வெற்றிக் கேடயம் யாருக்கும் கிடைக்கவில்லை. யப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் கொழும்பே மூட்டை கட்டியது. வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. எங்கள் கல்லூரி மைதானத்தில் பட்டாளம் லொறிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கோல் கம்பங்களைப் பிடுங்கிக் கூடாரத்துக்கு முட்டுக் கொடுத்தது. அப்போது நான்கு கல்லூரிகள் ஒரே புள்ளியில் நின்றன. நாங்களும் அதில் ஒன்று. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் இருந்த எங்கள் சின்னக் கல்லூரி யுத்தத்துக்குப் பிறகு திறக்கவேயில்லை. ஆகவே அதன் பெருமையைப் பேச இப்போது என்னைப் போல இரண்டொரு கிழவர்கள்தான் மிச்சம்.

எங்கள் சென்டர் போர்வேட் வெள்ளவத்தையில் என் எதிர்வீட்டுக்காரன். சின்ன வயது முதல் கூட்டாளி. காலையில் கடற்கரை ரயிலில் ஒன்றாகப் போய்க் கோட்டையில் இறங்கி, ட்ராமும் நடையுமாகக் கல்லூரிக்குப் போவோம். பந்து அவன் காலில் இருந்தால் எதிராளிகள் எரிச்சலில் அவன் காலைத்தான் அடிப்பார்கள். நான் அவனுக்கு மாற்று ஆள். அதாவது, அவனுக்கு ஏதும் நடந்தால் இறங்குவதற்காக இரண்டு வருஷமாக மைதானத்து ஓரத்து வாங்கில் குந்தியிருந்தவன். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நல்லவனாகத்தான் இருந்தேன், ஆனால் குந்திக் குந்தி அலுத்துப்போயிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியின் பெரிய துரை எங்கள் ஆட்டமொன்றைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மட்ச் பார்ப்பேன், இப்படியே ஆடினால் இவனைக் கந்தோரில் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். கொம்பனிக்கு ஒரு உதைபந்து ரீம் இருந்தது. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவன் அவன். அந்த வேலைதான் அந்த வீட்டுக்கு வழி என்பது எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் தெரியும்.

துரை வருவதாகச் சொன்ன மட்சுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அவனுடைய அம்மா எங்கள் அம்மாவிடம் மதிலுக்கு மேலால் கதைத்தார். சாதகம் பார்த்தாராம். "தம்பிக்கு இருபது நடக்குது. சனியும் பாக்குது. பந்தடிக்க விடப் பயமாக் கிடக்கு" என்றார். எங்களுடைய ஆட்கள் வயதைச் சொல்வது அப்படித்தான். பத்தொன்பது முடிந்து அடுத்ததில் காலை வைத்ததுமே இருபது நடக்கத் தொடங்கிவிடும்.

மறுநாள் அவன் காய்ச்சலென்று வரவில்லை. விளையாட்டுக்குப் பொறுப்பான மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பறங்கியர், நேர்மையில் ஈவிரக்கமில்லாத மனிதர். இருபது வயதானவன் ஆடக் கூடாது என்பது விதி. முந்திய வருஷம் ஒரு கல்லூரி எங்கள்மேல் அந்த வழக்கைக் கிளப்பி அவரைத் தலைகுனிய வைத்திருந்தது. எல்லாருடைய வயதையும் எழுதிக்கொண்டிருந்தவர், உன் கூட்டாளிக்கு என்ன வயது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் காதில் அந்தத் தாயின் குரல் இருந்தது. இருபது என்ற சொல்லுக்கு ஆங்கிலம் வந்தது. 'நடக்குது' என்பதற்கு வரவில்லை.

"ட்வென்ட்டி, சேர்" என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், அப்படியானால் அடுத்த மட்சுக்கு நீ இறங்கு என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் பூசி மெழுக ஒன்றுமில்லை.

காய்ச்சல் மாறி வந்தவனை மாஸ்டர் கூப்பிட்டுப் பேசினார். அன்று பின்னேரம் ரயிலில், "பிறப்புப் பத்திரம் கேக்கிறார்" என்று மட்டும் சொன்னான். பத்திரம் ஊரில் இருந்தது. மாமனுக்குக் கடிதம் போட்டு, அவர் தேடி எடுத்துத் தபாலில் அனுப்பி வந்துசேர வேண்டும். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. மாஸ்டர் என் பெயரைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அடுத்து வந்த இரண்டு மட்சிலும் நான் இறங்கினேன். துரை வந்து, பார்த்துவிட்டுப் பாதியில் எழும்பிப் போனார். நான் ஒரு கோலும் அடிக்கவில்லை. இரண்டும் சமநிலை. அதனால்தான் நாங்கள் அந்த நால்வரில் ஒருவராக நின்றோம். அவன் ஆடியிருந்தால் தனியாக முன்னுக்கு நின்றிருப்போம். பத்திரம் வந்தது லொறிகள் வந்த அதே கிழமையில். அதில் அவனுக்குப் பத்தொன்பதுதான்.

யுத்தம் முடியும் தறுவாயில் நான் ஒரு கந்தோரில் கிளாக்கர். அவன் தெமட்டகொடையில் ரயில் யார்ட்டில் எஞ்சின் திருத்துகிற பகுதியில் வேலை. எங்கள் பழைய கோல் கீப்பர் புறக்கோட்டையில் தகப்பனுடைய புடவைக் கடையில் நின்றான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த சோனகன், வாய் ஓயாதவன். சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தைக்கு வருவான். நானும் அவனும் ரயில் பாதைக்கு அப்பால் கற்களில் இருந்து பழங்கதை பேசுவோம். அப்படித்தான் அந்த எண்ணம் வந்தது: நான்கு கல்லூரிகளையும் வைத்து, நடக்காமல் போன அரையிறுதி இரண்டையும் இறுதியாட்டத்தையும் நாங்களே நடத்திவிட்டால் என்ன?

கோல் கீப்பர் ஒரு கொப்பி வாங்கி வந்தான். பந்தில்லை, மைதானமில்லை, ஆட்டம் முழுவதும் வாயாலும் பென்சிலாலும்தான். ஒரேயொரு விதிதான். மைதானம் மூடின அன்றைக்கு யாருக்கு எந்தக் கால் இருந்ததோ அந்தக் காலோடுதான் இறங்க வேண்டும். பிறகு மெலிந்தவன், கொழுத்தவன், பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவில் செத்தவன் எல்லாருக்கும் அது பொது. செத்தவன் எங்கள் இடது பக்கத்து ஆட்டக்காரன். அவன் காலுக்குப் பந்து போனால் அதைப் பறிக்க இரண்டு பேருக்கும் மனம் வராது. மற்றப்படி சண்டைதான். அரையிறுதியை முடிக்க மூன்று சனிக்கிழமை பிடித்தது. கோல் கீப்பர் ஒரு கோலையும் உள்ளே விடவில்லை. பென்சில் அவன் கையில் இருந்தால் வேறு என்ன நடக்கும்?

இறுதியாட்டத்துக்கு ஆட்களை எழுதும்போது, சென்டர் போர்வேட் யார் என்று கேட்டான். அரையிறுதியில் அந்த இடத்தை இருவரும் கவனமாக வெறுமையாகவே விட்டிருந்தோம். நான் உடனே என் கூட்டாளியின் பெயரைச் சொன்னேன். மைதானம் மூடின அன்று அவன் ஆட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டவன் அல்லவா, விதி இடம் கொடுக்காது என்றான் கோல் கீப்பர். எனக்குக் கோபம் வந்தது. கொப்பியிலாவது அவனை அந்த இடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறி மாதிரிப் பிடித்திருந்தது. அவன் பெயரை என் கையால் எழுதினால் நான் செய்தது அழிந்துவிடும் என்று நம்பினேன் போலும். கடைசியில், அவனிடமே கேட்போம் என்று முடிவானது.

ஞாயிறு காலை தெமட்டகொடைக்குப் போனோம். யார்ட்டுக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸ் ஒன்றில் இருந்தான். தாய் தேத்தண்ணீர் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொப்பியை வாங்கி முதற்பக்கத்திலிருந்து கவனமாக வாசித்தான். இரண்டு இடத்தில் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

"சென்டர் போர்வேட் நீதான். எழுதப் போறன்" என்றேன்.

"என்னை வயசுக்கு நிப்பாட்டினதெல்லோ."

"அது பிழை, மச்சான். உனக்கு இருபது முடியேல்லை. நான்தான் மாஸ்டரிட்டப் பிழையாச் சொன்னனான்."

இத்தனை வருஷத்தில் முதற்தடவையாகச் சொன்னேன். கோல் கீப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அது புதுச் செய்தி. கூட்டாளிக்குப் புதிதாக இல்லை.

"தெரியும்" என்றான். "அண்டைக்கே மாஸ்டர் சொன்னவர். இருபது நடக்குது எண்டா என்னெண்டு நான் அவருக்கு விளங்கப்படுத்தினனான். ஆட வேண்டியவன் அப்பிடித்தான் சொல்லுவான் எண்டார். சொன்னவன் வந்து திருத்திச் சொல்லட்டும், பத்திரம் வரமுந்தியே விடுறன் எண்டார்."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு கிழமை பாத்தனான்" என்றான். "ஒவ்வொரு நாளும் ஒண்டாத்தானே ரெயினில போனனாங்கள்."

குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். கொப்பியை மூடாமல், வெறுமையாக இருந்த அந்த இடத்தில் விரலை வைத்து என் பக்கம் நீட்டினான்.

"உன்ர பேரை எழுது. நீதானே விளையாடினனீ."

அடுத்த சனிக்கிழமை இறுதியாட்டம் நடந்தது. என் பெயரை நான்தான் எழுதினேன். கோல் கீப்பர் நல்ல மனிதன். நடந்ததைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் இடது பக்கத்திலிருந்து பந்தை என் காலுக்கே கொண்டுவந்து வைத்தான். எதிரே தடுக்க ஒருவரும் இல்லை என்றான். பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

நான் அடிக்கப்போவதில்லை என்றேன். ஏன் என்று கேட்டான்.

அந்த இடம் என்னுடையதில்லை என்று அவனுக்குச் சொன்னேன். மூன்று வருஷம் பிந்தியாவது மாஸ்டரைத் தேடிப் போய்ச் சொல்ல நினைத்தேன். விசாரித்தபோது அவர் காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.