சாமிக்கு நேர்ந்த முடி

பூவரச இலையில் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. எது எதில் என்று வெளியே தெரியாது. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. செண்பகத்தோப்பில், காட்டை ஒட்டி இருக்கும் குலசாமி முன்னால் அக்கா அவற்றை உருட்டிப் போட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் எனக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள். வீடும் அடுத்த வீடுதான். அவளுக்கு முழங்கால் வரை முடி. மகளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே அதைச் சாமிக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தால் மொட்டை. அதுவரை கத்தரி படக்கூடாது. வேலை நேரத்தில் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொள்வாள்.

மகளைச் சேர்த்திருந்த மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கெல்லாம் முடி கொட்டிப்போயிருந்தது. யாரோ தானம் கொடுத்த முடியில் செய்த விக்கை வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் பிள்ளை கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்த பிறகு அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தன் முடியையும் அப்படிக் கொடுத்துவிட நினைத்தாள். ஆனால் அது சாமியுடையது. அதனால்தான் பூக் கேட்க வந்தோம்.

பொட்டலத்தைச் சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். அன்று அங்கே வேறு பிள்ளை இல்லை. அக்கா கண்ணை மூடி மனசுக்குள் கேட்டுவிட்டு, மகளையே எடுக்கச் சொன்னாள். பிரித்தோம். சிவப்பு. அக்காவின் முகம் செத்துப்போனது. பிள்ளை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று இல்லை. காட்டுப் பக்கம் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

அதிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை. மாத்திரையைத் துப்பினாள். வளையலையும் கலர் பென்சிலையும் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அழவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல அடிக்கடி வாசலைப் பார்ப்பாள்.

ஒரு நாள் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் துணைக்கு இருந்தேன். கஞ்சி ஊட்டப் போனேன். பிள்ளை தள்ளிவிட்டாள்.

"சித்தி, அம்மா முடிய வெட்டாமப் பாத்துக்கோங்க. போன பொறவு அதைப் பிடிச்சுத்தான் நான் வீட்டுக்கு வருவேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "எங்கட்டி போற?"

"செவப்புதான வந்துச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் பிழைப்போமா என்று அம்மா சாமியிடம் கேட்டதாகப் பிள்ளை நினைத்திருக்கிறாள். கேட்டது முடியைப் பற்றித்தான், தானம் கொடுக்கலாமா என்றுதான் என்று சொன்னேன்.

"அப்ப என்னையப் பத்தி யாரும் கேக்கவே இல்லையா?"

வாசலில் அக்கா நின்றாள். காதோரம் பஞ்சு நரைபோல ஒட்டியிருந்தது.

"கேக்கப் பயமா இருந்துச்சுட்டி," என்றாள். உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்து மகள் கையில் கொடுத்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "வெட்டு. நீ எங்கயும் போகல. இதைப் பிடிச்சு வரவும் வேண்டாம்."

"சாமி கோவிக்கும்மா."

"என்னையத்தான கோவிக்கும்? கோவிக்கட்டும். எனக்கும் சாமிக்கும் இது பழக்கம்தான்."

பிள்ளைக்குக் கையில் பலமில்லை. அறுத்து அறுத்துத்தான் வெட்டினாள். சடை தரையில் படாமல் நான் மடியில் வாங்கினேன். சூடாக இருந்தது. ஏதோ ஓர் உயிர் மடியில் படுத்திருப்பதுபோல் கனத்தது. பிள்ளை கஞ்சியை இழுத்து வைத்துக் குடித்தாள்.

முடி மதுரைக்குப் போனது. பிள்ளை பிழைத்தாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் போகிறாள். அக்காவுக்கு முடி மறுபடி வளர்ந்துவிட்டது. சாமி முன்னால் போய் அதை இறக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பொங்கல் வைக்கச் செண்பகத்தோப்புக்குப் போனால் கோயிலுக்குள் வருவதில்லை. காட்டுக்கு முதுகைக் காட்டி ரோட்டிலேயே நிற்கிறாள். போன தடவை மகள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றாள் அக்கா. சாமிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள். "அவிய என்னையக் கேட்டா, வரலைன்னு சொல்லிருங்க."