என்னைத் துரத்திய கொழுந்து லொறி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். அப்படிப்பட்ட நானே, அழகுக்காக என் பைக்கின் பின் மட்காட்டை அறுத்துவிட்டேன்! பெரிய பின் விளக்கைக் கழற்றி, விரல் அளவு சிவப்பு விளக்கை ஒட்டினேன். நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் மடக்கினேன். சட்டப்படி தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் பிற்பகல் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்குப் புறப்பட்டேன். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. திடீரென்று தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று, விளக்கெல்லாம் மின்ன, ஹார்ன் அடித்துக்கொண்டே பின்னால் ஒட்டியது.

"அண்ணே, எங்கயாச்சும் ஒரசிட்டு வந்துட்டியா? வெரட்டுறான்!"

நம்பர் தெரியாததால் லொறிக்காரன் பிடித்துப் பொலிசில் கொடுக்கப் போகிறான் என்றே நினைத்தேன். வேகத்தைக் கூட்டி முறுக்கினேன். லொறியும் விடவில்லை! ஆள் நடமாட்டமுள்ள முதல் கடையைக் கண்டதும் நிறுத்தினேன். டிரைவர் இறங்கி வந்தார்.

"என்னா தம்பி, பேயக் கண்ட மாதிரி ஓடுறீங்க? ஒங்க பின் லைட்டே தெரியல. பின்னால வாற பஸ்காரன் ஏத்திருவான்னுதான் நான் நடுவுல வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். மட்காட் இல்லாமல் சக்கரம் வாரியடித்த சேறு, விளக்கையும் தங்கச்சியின் முதுகையும் மூடியிருந்தது.

"ஒன் பைக்கு அழகா இருக்க எம் முதுகுதான் மட்காட்டா?" என்று அவள் கத்தினாள். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் முதலில் அவள்மேல்தான் ஏறியிருக்கும்.

மறுநாளே எல்லாவற்றையும் முறைப்படி மாட்டினேன். இப்போதெல்லாம் மூடுபனியில் யாராவது விளக்கில்லாமல் முன்னால் போனால் நான் முந்துவதில்லை. சிக்னலை மின்னவிட்டுப் பின்னாலேயே போகிறேன். அவர்களும் பயந்து வேகமாகத்தான் ஓடுகிறார்கள். நானும் விடுவதில்லை.