‘ம’ குறி சுட்ட மாடுகள்

லா சப்பலில் ஒரு சலூனில் மகள் தலைமயிரை நேராக்கிக்கொள்கிறாள். காவலுக்கு நான் வந்திருக்கிறேன். சூடான இரும்பு மயிரைத் தொட்டதும் ஒரு பொசுங்கல் மணம். “மாடு மணக்குது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மகள் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, வெளியே போய் நிற்கும்படி பிரெஞ்சில் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். போனேன். தலைக்கு மேலே மெத்ரோ ரயில் கடகடவென்று ஓட, கீழே நான் ஊரில், பளையில் நின்றேன்.

பளையில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த தென்னந்தோட்டம் இருந்தது. அம்மாவின் பாட்டனார் நட்ட மரங்கள். இந்த உலகத்தில் அம்மாவின் பெயரில் இருந்த ஒரே பொருள் அதுதான். வீடு அப்பா வழி, சைக்கிள் அப்பாவுடையது, பரீட்சையில் தேறிய நாட்களில் நாங்களும் அப்பாவுடைய பிள்ளைகள்.

பிறகு ஷெல் விழுந்தது. தென்னைகள் தலை போய் வெறும் கம்பங்களாக நின்றன. தபாற்கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போதுதான் மாட்டுப்பண்ணை யோசனை வந்தது. மாட்டைக் கண்டால் வேலியோடு ஒட்டி நடக்கிற மனிதர், நம்புங்கள். முதலில் ஓர் அகலமான தொப்பி வாங்கினார். மாடு பிறகுதான் வந்தது.

“உம்மடை மரத்துக்குத் தலையே இல்லை. இனி எங்கை காய்க்கப் போகுது?” என்றார் அம்மாவிடம்.

“தலை இல்லாட்டிலும் அது என்ரை சீதனம். தறியுங்கோ. ஆனா மாட்டுக்கு என்ரை எழுத்திலைதான் குறி சுடவேணும்.”

எங்கள் பக்கத்தில் மாடு யாருடையது என்பதை அதன் துடையில் சுட்ட எழுத்துத்தான் சொல்லும். அப்பாவோ கொல்லரிடம் தன் பெயரின் முதலெழுத்தான ‘செ’ என்று ஓர் இரும்பை ஏற்கெனவே இரகசியமாகச் செய்வித்திருந்தார். அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய எழுத்துக்கு மாட்டின்ரை துடை காணாது.”

‘செ’ கடைசிவரை அடுப்புக் கிளறியது. மாடுகளுக்கெல்லாம் மங்கையற்கரசியின் ‘ம’. சுடும்போது அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொள்வார். அம்மா புண்ணில் வேப்பெண்ணெய் பூசுவார். பின்னேரங்களில், தறித்த குற்றிகளுக்கிடையே, எழுத்தறியாத ஒரு மந்தை அம்மாவின் பெயரைத் தோட்டம் முழுக்க எழுதித் திரிந்தது.

ஊரே இடம்பெயர்ந்த நாளில் அப்பா பட்டியைத் திறந்துவிட்டார். அம்மா அழவில்லை. “குறி கிடக்கு. ஆரும் கண்டாச் சொல்லுவினம்” என்றார்.

சொன்னவர் ஒருவர்தான்: லா சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருந்த ராசன் அண்ணை. பிரெஞ்சுப் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் நாங்கள் குடியேறிய பிறகு, ஊருக்குப் போய்வரும் எல்லாரிடமும் அம்மா மாட்டை விசாரிப்பார். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ராசன் அண்ணை மட்டும், “ஓம் அக்கா, கண்டனான். கிளாலிப் பக்கம் நிண்டது. ‘ம’ வடிவாத் தெரியுது” என்பார். அன்று அவருக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிச் சோறு. அடுத்த முறை போய்வந்தபோது மாடு கன்றோடு நின்றது. அதற்கடுத்த முறை நன்றாகக் கொழுத்திருந்தது. இப்படி இருபது வருடத்துக்கு மேல்.

“அந்த மாடு இப்ப பென்சன் எடுத்திருக்கும்” என்று அப்பா ஒருநாள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னார். ராசன் அண்ணை கை கழுவப் போயிருந்த நேரம்.

“மாடு எவ்வளவு காலம் இருக்குமெண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறியள்?” அம்மா கறியை இன்னொரு கரண்டி அள்ளி ராசன் அண்ணையின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். “மாடு நிக்குதெண்டு அவர் சொல்லேக்கை என்ரை காணியும் நிக்குது. பேசாமல் இருங்கோ.”

அப்பா பத்திரிகையைத் திருப்பினார்.

காணி உறுதிப் பத்திரம் இன்றும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. காணி பற்றை மூடிக் கிடப்பதாகக் கேள்வி. போன வருடம் ராசன் அண்ணை கடையை விற்றுவிட்டு மகளோடு லண்டனுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் மாட்டை ஒருவரும் காணவில்லை.