மூன்று நட்சத்திரங்களும் கடைசி மேசையும்

பேஸ்போல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன முறை இதைச் சொல்லப் பிந்தியதால்தான் இத்தனை வினையும்.

டென்மார்க்கின் வைலே நகரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தைச் சில வருடங்களுக்கு முன் ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கியது. தண்ணீர்ப் பம்புகளுக்கான உதிரிப்பாகங்களைத் தட்டுகளிலிருந்து எடுத்துப் பெட்டியிலிட்டு அனுப்புகிற இடம். வாங்கியவர்கள் ஒழுகும் கூரையைத் திருத்தவில்லை. அதற்குப் பதிலாக மார்ச் மாதத்தில் ஒரு போட்டியை அனுப்பிவைத்தார்கள். அங்கே பேஸ்போல் பருவம் தொடங்குமுன் எந்தெந்த அணி முதலிடத்துக்கு வரும் என்று உலகம் முழுவதிலும் உள்ள கிளைகளின் தொழிலாளர்கள் ஊகிக்க வேண்டும். கிளைக்கு ஒரு வெற்றியாளர். பரிசு ஒரு தொப்பி.

தேவையானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசித்து வளர்ந்தவன் நான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வோர் அணியிலும் பேர்போன ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் என்று இணையத்தில் தேடினேன். கூடுதலாக இருந்த அணிகளை மேலே போட்டேன், அவ்வளவுதான். வென்றுவிட்டேன். என்னோடு போட்டியிட்டவர்களில் ஒருவர் அணிகளைச் சட்டையின் நிறம் பார்த்துத் தெரிவு செய்தவர், இன்னொருவர் தன் நாயைக் கொண்டு தெரிவு செய்தவர் என்பதை நான் யாருக்கும் விளக்கப் போகவில்லை. ஒருமுறை சரியாகச் சொன்னவன் இந்த நாட்டில் நிபுணன். தொப்பியும் என் தலைக்குச் சரியாக இருந்தது.

அடுத்த மார்ச்சில் எங்கள் பிரிவுத் தலைவர் வந்து, கன்ரீன் சுவரில் ஒட்ட ஒரு பருவ முன்னோட்டம் எழுதித் தரச் சொன்னார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எந்நேரமும் ஓடப் போகிறவர் போலச் சப்பாத்து அணிந்திருப்பவர். எழுதினேன். அணிக்கு இரண்டு வரி. “இந்த அணியில் ஒருவர் இருக்கிறார், அவர் அடித்த பந்து ஊர் திரும்ப விசா எடுக்க வேண்டும். மற்றவர்களும் இருக்கிறார்கள்.” அடுத்த அணி: “இவர் வீசும் பந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இதுவரை வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் இருந்தவர்கள் மட்டுமே. மற்றவர்களும் இருக்கிறார்கள்.” ஒவ்வொரு அணிக்கும் அதே முடிவு. கன்ரீனில் சிரித்தார்கள். முப்பது வருடமாக டெனிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்க மட்டுமே வாய் திறந்த ஒருவனுக்கு, அந்த மொழியில் ஆட்களைச் சிரிக்க வைப்பது என்ன போதை என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது.

என் மகள்தான் எழுத்துப்பிழை பார்த்துத் தந்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில் பதில் சொல்வாள். அன்றும் அப்படித்தான்; அவள் சொன்னதை இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

“எப்பிடி இருக்கு?”

“நல்லாயிருக்கு அப்பா. ஆனா ஒரு அணியிலை இருபத்தாறு பேர். மற்றவர்கள் எண்டால் ஆர்?”

“அது பகிடி பிள்ளை.”

“தெரியும். ஆர் எண்டுதான் கேட்டனான்.”

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பிப் போனேன்.

இனி எங்கள் கடைசி மேசை பற்றிச் சொல்ல வேண்டும். பொருட்களை எடுப்பவர்கள் நிரப்பிய பெட்டி, ஒட்டி மூடப்படுமுன் அந்த மேசைக்கு வரும். அங்கே நின்றவர் ஓர் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர், இருபத்திரண்டு வருடச் சேவை, ஞாயிற்றுக்கிழமைகளில் பெந்தெகொஸ்தே சபையில் முன்வரிசை. பெட்டிக்குள் ஒரு பார்வை பார்ப்பார். ரப்பர் வளையம் ஒரு அளவு மாறியிருந்தால் அவருடைய கை அதைக் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். முறைப்படி அதை ஸ்கானரில் பிழை என்று பதிய வேண்டும். அக்கா பதிவதில்லை. எடுத்தவனைப் பார்த்து ஒரு விரலை உயர்த்துவார். அவன் ஓடிவந்து மாற்றிக்கொண்டு போவான். பெட்டி சரியாகப் போகும். பிழை நடந்ததாக உலகத்தில் எந்தக் கணினிக்கும் தெரியாது.

“ஏன் அக்கா பதியிறேல்லை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பதிஞ்சால் உம்மடை பேர்தான் தம்பி நாறும். ஒரு நாளைக்கு நாலு தரம் நான் ஆருக்கு விரல் காட்டிறன் எண்டு நினைக்கிறீர்?”

எனக்குத்தான். வளையங்களைப் பார்க்கும்போது நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்பது வருடமாக என் கணக்கில் ஒரு பிழைகூட இல்லை.

சுவரில் ஒரு திரை உண்டு. அதிகம் எடுத்த மூன்று பேரின் பெயர், எண்ணிக்கை, பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். கடைசி மேசை எதையும் எடுப்பதில்லை. ஆகவே அக்காவுக்கு எண்ணிக்கையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. பிரிவுத் தலைவர் என்னிடம் வந்தார். “நம்முடைய பகல் ஷிப்டை உன் பேஸ்போல் பாணியில் எழுதித் தா. அவர்களுக்கு அது பிடிக்கும்.” டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். வேலையை விட்டு நிறுத்துவதும் ‘நீ’ போட்டுத்தான்.

நான் சந்தோஷமாக எழுதினேன். வேகமாகப் பொருள் எடுக்கும் நெட்டையன் ஒரு நட்சத்திரம். பாரந்தூக்கி வண்டியை நடனம் போல ஓட்டும் பெண் இரண்டாவது. மூன்றாவதாக, மிகுந்த அடக்கத்தோடு, என்னையே போட்டேன்: “ஒன்பது வருடத்தில் ஒரு பிழையும் விடாத கிழக்குத் தேசத்து அதிசயம்.” அது பகிடிதான். வழக்கமான வரியோடு முடித்தேன். மற்றவர்களும் இருக்கிறார்கள்.

அது கன்ரீனில் ஒட்டப்பட்ட அன்று, கோப்பிக் குவளையோடு அக்கா அதை முழுவதும் வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“தம்பி, இதிலை நான் எங்கை?”

“மற்றவர்களிலை அக்கா.”

“ஓ. நல்ல சனக் கூட்டம் போல.”

நானும் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதெல்லாம் எனக்குப் பகிடிதான்.

வந்தவர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், கைகுலுக்கினார்கள், போனார்கள். ஒரு மாதத்தில் மேலிடத்திலிருந்து செய்தி வந்தது: ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவரைக் குறைக்க வேண்டும். எங்கள் ஷிப்டில் கடிதம் அக்காவுக்குப் போனது. ஓய்வூதியத்துக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. அறுபதை எட்டப்போகிற, நாள்முழுக்க நின்று முழங்கால் தேய்ந்த ஒரு பெண்ணை இந்த நகரத்தில் வேறு யார் வேலைக்கு எடுக்கப் போகிறார்கள்? அதை அவரும் அறிவார், கடிதம் எழுதியவரும் அறிவார்.

கடிதம் பற்றிய பேச்சுவார்த்தைக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியோடு இன்னும் ஒருவரைத் துணையாகக் கூட்டிவரலாம். உடைமாற்றும் அறை வாசலில் அக்கா என்னை மறித்தார்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. நீர்தான் வாறீர்.”

“நானோ? என்னைவிட நல்லாக் கதைக்கிற ஆக்கள்…”

“நீர்தானே எழுதினது. நீரே வந்து கதையும். நான் ஜெபம் பண்ணிப்போட்டு நிக்கிறன், அதாலை உம்மை ஏசேலாமல் கிடக்கு. இல்லாட்டித் தெரியும்.”

நான் எழுதியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அந்த அறைக்குள் போகும்வரை எனக்கு விளங்கவில்லை. மேசையில் பிரிவுத் தலைவருக்கு முன்னால் ஒரு கோப்பு இருந்தது. கோப்புக்குள் என் கடதாசி. கடைசி வரியின் கீழே பேனையால் கோடு.

“எண்களில் இவளுடைய பங்களிப்பு தெரியவில்லை,” என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. “எண்களை மட்டும் பார்க்கக் கூடாது என்று நினைத்து இதையும் பார்த்தேன். ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் எழுதியது. அவனும் இவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.”

தொழிற்சங்கப் பிரதிநிதி, நரைத்த தலையுடைய டெனிஷ் பெண், என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல, என்னிடமிருந்த ஒரேயொரு மரியாதையை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தேன். “நான் வாழ்க்கையில் ஒரு பேஸ்போல் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஒரு ஆட்டம்கூட. பெயர்களை எண்ணித்தான் எழுதினேன். நான் நிபுணன் இல்லை, ஏமாற்றுக்காரன். இந்தக் கடதாசிக்கு ஒரு பெறுமதியும் இல்லை.”

அவர் புன்னகைத்தார். “அது எல்லோருக்கும் தெரியுமே. அதனால்தான் எங்களுக்கு அது பிடித்தது.”

எல்லோருக்கும் தெரியும். தொப்பியோடு நான் திரிந்த இரண்டு வருடமும் தெரியும். அந்த அவமானத்தைப் பிறகு ஆறுதலாக அனுபவிக்கலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

“அப்படியென்றால் பகிடியென்று தெரிந்தும் கோப்புக்குள் ஏன் வைத்தாய்?”

நான் நிறுத்தவில்லை. என் பிழைகளைச் சொன்னேன். நாளுக்கு நாலு, ஒன்பது வருடம். நெட்டையனின் பிழைகளையும் சொல்லியிருப்பேன், அதற்குள் அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். “ஆரையும் காட்டிக் குடுக்காதையும்,” என்றார் தமிழில். வேலை போகிற நேரத்திலும், விரலுக்குப் பதிலாக அவருடைய கால் நெட்டையனைக் காப்பாற்றியது.

பிரிவுத் தலைவர் மெதுவாக, “அந்தப் பிழைகளைப் பதியாமல் விட்டது விதிமீறல் அல்லவா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான். நான் வாய் திறந்ததில் கிடைத்தது அது. சங்கப் பிரதிநிதி சண்டைபிடித்து என் கடதாசியைக் கோப்பிலிருந்து எடுக்க வைத்தார், வேலையை விடுமுன் கொடுக்கிற அறிவிப்புக் காலத்தைக் கோடை முடியும்வரை நீட்டினார். தீர்மானம் மாறவில்லை.

வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தினார்.

“காணும் தம்பி. இனி எனக்காக ஒண்டும் எழுதவும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம்.”

அன்று பின்னேரம் முதன்முதலாக ஒரு முழு பேஸ்போல் ஆட்டத்தைப் பதிவில் பார்த்தேன். ஆத்திரத்தில் பார்த்தேன். பந்து வீசுபவருக்கு எதிரே ஒருவர் முகமூடி போட்டுக் குந்தியிருக்கிறார், நம்முடைய விக்கெட் காப்பாளர் மாதிரி, ஆனால் ஆட்டம் முழுக்கக் குந்தியபடி. என்ன பந்து வீசுவது என்று பெரும்பாலும் அவர்தான் சொல்கிறார். மண்ணில் விழுந்து துள்ளும் பந்துக்கு நெஞ்சைக் கொடுக்கிறார். ஆட்டம் முடிந்து வந்த அட்டவணையில், அவர் தவறவிட்ட ஒரு பந்து இருந்தது. தடுத்த பந்துகள் இல்லை. பேஸ்போலுக்கும் ஷிப்டுக்கும் நான் எழுதிய இரண்டு முன்னோட்டங்களிலும் அப்படிக் குந்தியிருப்பவர் ஒருவரைக்கூடக் குறிப்பிட்டிருக்கவில்லை. மகள் சோபாவின் மறுமுனையில் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடைபெறுகிறவர்தான் மற்றவர்களுக்குத் தின்னக் கொண்டுவர வேண்டும். தானாகப் போனாலும் சரி, துரத்தினாலும் சரி. அக்கா தன் கடைசி வெள்ளிக்கிழமை, இரண்டு பெரிய தட்டு நிறைய இறைச்சி றோல்ஸ் கொண்டுவந்தார். பிரிவுத் தலைவர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு தண்ணீர்க் குழாயைத் தேடினார்.

“உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சோ அக்கா?” என்றேன்.

“ஒருத்தருக்கும் குறைக்கேல்லை. இருபத்திரண்டு வருசம் குறைச்சுக் குறைச்சுத்தானே கொண்டுவந்தனான்.” என் தட்டில் இரண்டு வைத்தார். “நீர் நட்சத்திரம் எல்லோ. ரெண்டு தின்னும்.”

தின்றேன். நெட்டையன் அழுதுகொண்டே நாலு தின்றான். அவன் அழுதது உறைப்புக்கு இல்லை.

மறு வாரம் கடைசி மேசையில் ஒரு தராசைப் பூட்டினார்கள். பெட்டியின் நிறை சரியென்றால் பச்சை விளக்கு எரியும். ரப்பர் வளையத்தில் ஓர் அளவு கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தராசுக்கு ஒன்றுதான். அதற்கடுத்த புதன்கிழமை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பெட்டி திரும்பி வந்தது. தவறான வளையம். கணினி அறிக்கையில் எடுத்தவர்: நான். ஒன்பது வருடத்தில் என் பெயரில் பதிவான முதல் பிழை.

அந்த அறிக்கையை அச்சிட்டேன். கன்ரீனில் என் முன்னோட்டம் இருந்த அதே இடத்தில், அதே நாலு ஊசியால் குத்தினேன். மத்தியானத்துக்கு முன் பிரிவுத் தலைவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“இதைச் சுவரில் வைக்க முடியாது. பெயரும் எண்ணிக்கையும் இருக்கிறது. தனிநபர் தரவு.”

அவருடைய தலைக்கு நேர்மேலே திரை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பெயர், மூன்று எண்ணிக்கை, மூன்று மஞ்சள் நட்சத்திரம்.

நான் திரையைக் கையால் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார், வழமைபோல வருத்தப்பட்டார், கடதாசியை நாலாக மடித்துக்கொண்டு போனார். மறுநாள் காலை நான் இன்னொரு பிரதி குத்தினேன். அதையும் கழற்றினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் புதிதாக இரண்டு அறிக்கைகள் வந்துவிட்டன. குத்துவதற்குக் கடதாசிக்குப் பஞ்சமில்லை.