கைய மாத்து

இது நான் ஜெயித்த கதை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

பிறந்ததிலிருந்து எனக்கு இடது கைதான் கை. வலது கை சும்மா ஜோடிக்கு இருந்தது. இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை, என்னைச் சுற்றி இருந்தவர்கள்தான் நினைத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் வலது, இடது என்று சொல்வதில்லை. சோத்துக்கை, பீச்சாங்கை. பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. நான் பென்சிலை எடுத்தாலும், கடைக்காரர் நீட்டும் பொட்டலத்தை வாங்கினாலும், வாசலில் கோலப்பொடியைக் கிள்ளினாலும் அம்மாவிடமிருந்து ஒரே உத்தரவு வரும்: "கைய மாத்து." தூக்கத்தில்கூட எனக்கு அது கேட்கும். கேட்டதும் இடது கை தானாக மடங்கிக்கொள்ளும், அவ்வளவு பழக்கம்.

ஆனால் அம்மாவுக்கும் ஒரு வசதி இருந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் இரண்டறை வீட்டின் உள்ளறையில் அம்மா ரவிக்கை தைத்துக்கொடுப்பார். ஹூக் வைப்பதும் ஹெம்மிங் பண்ணுவதும் என் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் ஊசியைப் பிடித்தேன் என்றால் ஒரு மணி நேரத்தில் ஐந்து ரவிக்கை முடிந்துவிடும். அம்மா எதிரிலேயே மெஷினில் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வேலை முடியும்வரை அவருக்குக் கண் தெரியாது. முடித்துவிட்டு நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தால் பார்வை திரும்ப வந்துவிடும். "கைய மாத்து."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். அத்தை என் அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கும், அதனால் நானும் அம்மாவும்தான் சிவாஜிநகரில் பஸ் மாறிப் போவோம். ரயில் பாதையை ஒட்டிய வீடு அது. ரயில் போனால் ஷோகேஸில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கும். அத்தை கெட்டவர் இல்லை, வயிறு முட்டச் சாப்பாடு போடுவார். ஆனால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் தன் கையில் ஒப்படைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். நான் சரியாகாமல் இருந்தது அவருக்குப் பெரிய உறுத்தல். அதற்கு அம்மாவைத்தான் குறை சொல்வார். "பொம்பளப் பிள்ளைய இப்படியா விடுவ? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போய் பீச்சாங்கையால பரிமாறினா யாரச் சொல்லுவாங்க?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு அவரைக்காய் உரிப்பார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அந்த வருடம் அத்தை வீட்டுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வந்து சேர்ந்தது. மாமாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. ஐம்பத்து நான்கு மரக்கட்டைகள், எல்லாம் ஒரே அளவு. வரிசைக்கு மூன்றாக, ஒரு வரிசை நெடுக்கே, அடுத்தது குறுக்கே அடுக்கினால் முழங்கை உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கும். ஆளுக்கு ஒரு கட்டையைக் கீழே எங்கிருந்தாவது உருவி உச்சியில் வைக்க வேண்டும். யார் கை படும்போது சரிகிறதோ அவர் தோற்றவர்.

மாமா கோர்ட்டில் வேலை பார்த்தவர். எழுத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை. பெட்டிக்குள் இருந்த விதிமுறைத் தாளை முதல் நாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "ஒரு கையால்தான் ஆடணும்னு போட்டிருக்கு." அத்தை உடனே என்னைப் பார்த்தார். "கேட்டியா? சோத்துக்கையாலதான் ஆடணும். அதத் தொடைக்கு அடியில வெச்சுக்க." மாமா மறுக்கவில்லை. அம்மா மறுக்கவில்லை. கொடுமை என்னவென்றால் எனக்கே அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஒரு கை என்றால் சோத்துக்கை, வேறு எதுவாக இருக்கும்?

அப்படி இடது கையைத் தொடைக்கு அடியில் நசுக்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆடினேன். மூன்று மாதமும் தோற்றேன். ஜெயித்தது அத்தை மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். அத்தை மகன் என்றதும் மனதில் வேறு கதை கட்ட வேண்டாம், எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தெருப் பையன்களோடு கன்னடத்திலேயே வளர்ந்தவன், எனக்கு எடவட்டு என்று பெயர் வைத்திருந்தான். கன்னடத்தில் எடவட்டு என்றால் சொதப்பல், ஏடாகூடம். அதில் இடது பக்கத்தின் 'எட'வும் இருப்பதால் அவனுக்கு ஒரே சந்தோஷம். கோபுரம் சரியும்போதெல்லாம் "எடவட்டாய்த்து" என்று ராகம் போட்டுச் சொல்வான். கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருக்கும், எந்தக் கையாலானாலும் சரி.

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அத்தை அப்பாவுக்கு போன் போட்டார். "அடுத்த வருஷம் பத்தாவது. போர்டு எக்ஸாமுல போய் பீச்சாங்கையால எழுதுவாளா? லீவு முழுக்க இங்க விடு. ரெண்டு மாசத்துல கைய மாத்திக் காட்டறேன்." அப்பாவுக்கு அக்கா பேச்சு என்றால் மேல்பேச்சு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் துணிமணிகளைப் பையில் அடைத்து, பாடப்புத்தகங்களும் வைத்து, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அத்தை என் இடது கையில் துணி சுற்றிக் கட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படிச் செய்து சரியாக்கியதைப் பத்து தடவை சொல்லியிருக்கிறார். பையைக் கதவோரம் வைத்தோம்.

சாப்பாடு முடிந்ததும் அத்தை மகன் டீப்பாயில் கட்டைகளை அடுக்கினான். அழுதுவிடக் கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன். "நான் இன்னிக்கு ஜெயிச்சுட்டா வீட்டுக்குப் போலாமா அத்தை?"

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. "சரி, போ. இவன ஜெயிச்சுட்டா பையத் தூக்கிட்டுக் கெளம்பு. கோபுரத்தத் தள்ளிட்டா பை இங்கயே இருக்கும், நீயும் இருப்ப."

ஆட்டம் தொடங்கியது. நானும் அவனும் மட்டும். மாமா நடுவர், அத்தை சோபாவில், அம்மா கதவோரம் பைக்குப் பக்கத்தில் தரையில். அன்று நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்து, எது தளர்ந்திருக்கிறதோ அதை மட்டும் எடுத்தேன். பார்த்துப் பார்த்து உச்சியில் வைத்தேன். பத்து சுற்று போயிருக்கும். கோபுரம் இடைவெளியும் ஓட்டையுமாக என் தலை உயரத்துக்கு வந்துவிட்டது. அவனும் "எடவட்டு" சொல்வதை நிறுத்தியிருந்தான்.

என் முறை. எடுக்கக்கூடிய கட்டை ஒன்றுதான் மீதி, கீழிருந்து நாலாவது வரிசையில், இடது ஓரத்தில். வலது கையை வளைத்துக் கொண்டுபோய்த் தொட்டேன். கோபுரம் முழுக்க ஒரு ஆட்டம் ஆடியது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி தொட்டேன். மறுபடி ஆடியது. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. ரயில் வந்தால் இருவரும் கையைத் தூக்கிவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். டம்ளர்கள் கிணுகிணுத்தன. கோபுரம் அசைந்து அசைந்து எப்படியோ நின்றது. என் வலது கை காற்றில் தூக்கியபடி, எல்லோரும் பார்க்கும்படி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

ரயில் சத்தம் அடங்கியதும் அம்மா சொன்னார்: "கைய மாத்து."

எனக்குப் புரியவில்லை. என் கையைப் பார்த்தேன். தூக்கியிருந்தது சோத்துக்கைதான். பதினாலு வருடமாக அந்த உத்தரவுக்கு ஒரே திசைதான் உண்டு, நான் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில்தான் இருந்தேன். இதற்கு மேல் எங்கே மாற்றுவது?

"ஹூக் வைக்கிற கையால எடு" என்றார் அம்மா.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பேசற நீ? ஒரு கைன்னு ரூல் இருக்கில்ல?"

"மாமாவப் படிக்கச் சொல்லுங்க அண்ணி. ஒரு கைன்னுதானே போட்டிருக்கு. எந்தக் கைன்னு போட்டிருக்கா?" அம்மாவின் குரல் தழைந்துதான் இருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

எழுத்து என்று வந்துவிட்டால் மாமாவுக்கு மனைவியும் ஒன்றுதான், மற்றவர்களும் ஒன்றுதான். பெட்டியைத் திறந்து தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மனதுக்குள் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"ஒரு நேரத்துல ஒரு கைதான்னு இருக்கு." கொஞ்சம் இருமினார். "அடுத்த வரியில, வேணும்னா நடுவுல கைய மாத்திக்கலாம்னும் இருக்கு."

"இத்தன மாசமா நீங்கதானே படிச்சீங்க?" என்றார் அத்தை.

"மொத வரியோட நிறுத்திட்டேன்."

கைய மாத்திக்கலாம். அச்சில் இருந்ததாம். பெட்டிக்குள்ளேயே இருந்ததாம், நான் தோற்ற மூன்று மாதமும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோபுரத்தையே தூக்கி வீசியிருப்பேன். வீசவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தேன். மரத்துப் போயிருந்தது, இரண்டு தடவை உதறினேன்.

"சோத்துக்கையால ஜெயிச்சாத்தானே பேச்சு" என்று அத்தை இழுத்தார்.

"ஜெயிச்சா போலாம்னுதான் சொன்னீங்க அண்ணி" என்றார் அம்மா. "கையப் பத்தி நீங்களும் சொல்லல."

நான் ஆள்காட்டி விரலால் அந்தக் கட்டையின் முனையைத் தொட்டேன். துணிக்குள் ஊசி எங்கே தடுக்கிறது என்று என் விரல் சொல்லும் அல்லவா, அதே விரல்தான் சொன்னது: மேல்பக்கம் லேசாக அழுத்துகிறது, உன் பக்கம் கொஞ்சம் சாய்த்து இழு. இழுத்தேன். கால் பங்கு வந்தது. பாதி வந்தது. முழுதும் வந்தது. கோபுரத்துக்குச் சேதியே தெரியவில்லை. எழுந்து நின்று அதை உச்சியில் வைத்து, கோணலாக இருந்ததை நிதானமாக நேராக்கவும் செய்தேன். அது தேவையில்லாத வேலை. அவன் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன்.

இப்போது அவன் முறை. சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், முட்டி போட்டுப் பார்த்தான். எடுக்க எதுவும் இல்லை. கடைசியில் நடுவில் ஒரு கட்டையைத் தள்ளினான். ஐம்பத்து நான்கு கட்டையும் டீப்பாயிலும் தரையிலும் கொட்டின. ஒன்று உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது.

"எடவட்டாய்த்தா?" என்று கேட்டேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை மடித்தார், அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அத்தை காலடியில் கிடந்த கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். "காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை, அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். டபராவை வலது கையால்தான் வாங்கிக்கொண்டேன். ஜெயித்தவள் அவ்வளவு பெருந்தன்மையாவது காட்ட வேண்டாமா?

கிளம்பும்போது பையை அம்மாவிடம் நான் கொடுக்கவில்லை, இடது கையில் நானே தூக்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் நல்ல தூரம். இரண்டு மாதத்துக்கான துணி, அதோடு புத்தகங்கள், விரல்கள் சிவந்துவிட்டன. அம்மா பக்கத்திலேயே நடந்து வந்தார். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். பாதி வழியில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கனமா இருக்கா?"

"ஆமா."

"கைய மாத்திக்கோ."

"மாட்டேன்" என்றேன். அம்மா சிரித்துவிட்டார். பஸ் வரும்வரை நான் கையை மாற்றவில்லை.